உட்காரவைத்துக் கொண்டுபோன மகள்

என் மகள் சரசுவால் படுக்க முடியவில்லை. படுத்தால் மூச்சு திணறியது. உதடு நீலமாகிவிட்டது. 1978 ஐப்பசி, விடாத மழை. ஜவ்வாது மலையில் எங்கள் ஊருக்கு வரும் பஸ் பாதை சரிந்து கிடந்தது. நான் பள்ளிக்கூட வாத்தியார்; எதையும் எண்ணிப் பார்ப்பது என் பழக்கம். அவள் நாடியைப் பிடித்து எண்ணினேன். துடிப்பு ஓடியது, தடுக்கியது, மறுபடி ஓடியது. எண்ணிக்கை தவறிக்கொண்டே இருந்தது. அவளுக்கு வயது பத்தொன்பதுதான்.

எங்கள் ஊர்க் காளியும் மூன்று பேரும், அவளை அடிவாரத்துக்குத் தூக்கிப்போக மூங்கிலில் கம்பளியைக் கட்டி டோலி கொண்டுவந்தார்கள். சரசு கெஞ்சினாள்:

"படுக்க வெக்காதப்பா. நெஞ்சு மேல யாரோ குந்திகினு இருக்கறாப்ல கீது."

"இன்னா வாத்தியாரே இது? செத்தவங்களத்தானே உட்கார வெச்சித் தூக்குவோம்? உசுரோட இருக்கற பொண்ண அப்படித் தூக்கலாமா?" என்றான் காளி. எங்கள் பக்கத்து வழக்கம் அது. எனக்கும் பயம். படுக்கவைத்தே தூக்கினோம்.

பாதி இறக்கத்தில் அவள் கண் செருகியது. நான் நடந்தபடியே அழுதேன். "முருகா, எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நீயே ஒரு வழி காட்டு. இவளை எடுத்துக்கொள்ளாதே."

அப்போது முன்னால் போன காளி சேற்றில் வழுக்கி விழுந்தான். மூங்கிலின் முன்முனை தரையில் இடித்தது. கம்பளிக்குள் சரிந்த சரசு, மூங்கிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நான் அலறிக்கொண்டு ஓடினேன். அவளுக்கு மூச்சு வந்துகொண்டிருந்தது! பதறிப்போய் மறுபடி படுக்க வைத்தோம், மறுபடி திணறினாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. முருகனிடம் கேட்ட வழி கிடைத்துவிட்டது.

"ஊஞ்சல் மாதிரி கட்டு, காளி. உட்காரட்டும்."

அவன் தயங்கினான். சரசுதான் சொன்னாள்: "பொணம் பேசுது மாமா. சீக்கிரம் தூக்குங்க."

காளி அழுதுகொண்டே சிரித்தான்.

அடிவாரத்தில் பஸ் பிடித்துச் செங்கம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் ஊசி போட்ட பிறகு விளக்கினார். சிறு வயதில் தொண்டை வலிக்குப் பின் காய்ச்சலும் மூட்டு வீக்கமும் வந்திருக்கின்றன. நாங்கள் வாயு என்று நினைத்து விட்டுவிட்டோம். அதுவே உள்ளே இதயத்தின் வால்வைச் சுருக்கியிருக்கிறது. ரத்தம் தேங்கி நுரையீரலில் நீர் கோத்துவிட்டது. படுத்தால் அந்த நீர் மூச்சை அடைக்கும்.

"உட்காரவைத்துக் கொண்டுவந்ததால் பிழைத்தாள். யார் சொன்னது உங்களுக்கு?" என்று கேட்டார்.

நான் கைகூப்பினேன்.

பிறகு வேறு ஊரில் ஆபரேஷன் செய்து வால்வை விரித்தார்கள். இன்று அவளுக்குப் புருஷன் இருக்கிறான், வீடு இருக்கிறது. அந்தக் காய்ச்சல் திரும்பாமல் இருக்க மூன்று வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி, அவ்வளவுதான். நான் இப்போதும் கவலைப்படுகிறவன்தான். ஆனால் கவலையை முதலில் முருகனிடம் சொல்கிறேன்.

அடியார்களே, உங்கள் பிள்ளைக்குக் காய்ச்சலோடு மூட்டு வீங்கினால் முருகனை வேண்டிக்கொண்டே டாக்டரிடம் ஓடுங்கள். வழி தெரியாத இடத்தில் அவனைக் கூப்பிடுங்கள். நாம் விழுந்தோம் என்று நினைக்கிற இடத்திலேயே அவன் தூக்கி உட்காரவைப்பான்.