பாதி கடித்த மிளகாய்

சலூன் வாசலில் நானே நிறுத்திய சைக்கிளை மறந்துவிட்டு, அது திருட்டுப் போனதாகத் திருத்துறைப்பூண்டி போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுத்த மேதை நான். கூலித் தகராறில் அறுவடை நின்றுபோயிருந்த சமயம்.

வெளியே வந்தால், தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு தூக்குச்சட்டியோடு ஒரு அம்மா வேலியோரம் தனியாக உட்கார்ந்திருந்தார்.

"உள்ள எம்மவனப் பாத்தீங்களா ஐயா? பதினாறு வயசு. கொடி புடிச்சான்னு இழுத்தாந்தாங்க."

திரும்பிப் போய் ஏட்டிடம் கேட்டேன். "அப்படி யாரையும் கொண்டாரலையே சார்."

வந்து சொன்னதும் அந்த அம்மா சட்டியைத் திறந்து காட்டினார். அடியில் பாதி கடித்த பச்சை மிளகாய்.

"இல்லாதவனுக்கு எதுக்குங்க தெனம் சோறு வாங்கிக்கிறாங்க? மொளகாயப் பாதி கடிச்சு வச்சிடுவான், அவன் பழக்கம். இதப் பாத்துத்தான் உசுரோட இருக்கான்னு வீட்டுக்குப் போறேன்."

அடுத்த வாரம் புகாரைத் திரும்பப் பெறப் போனபோதும் அந்த அம்மா அங்கேயே இருந்தார். அன்று சட்டியில் மிளகாய் இல்லை.

"பசியில முழுசாத் தின்னிருப்பான், இல்லீங்களா?"

ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல?

அப்போது ஏட்டு வெளியே வந்தார். "சைக்கிள் சலூன்லயே இருந்துச்சாமே? ஊரெல்லாம் ஆள் விட்டுத் தேடினோம் சார், காணாமப் போகாத சைக்கிள!"