தெருவிளக்குக் கணக்கில் என் சம்பளம்

எனக்கு முதலில் அநியாயம் செய்தவர் பொன்னுத்துரை கிளார்க். அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்லுவேன். மனம் கலங்கிக் கதவைச் சாத்திக்கொண்டவர்களிடம் பேசி வெளியே கூட்டிவருவது என் வேலை. இந்த வேலைக்கு எல்லா ஊரிலும் ஆள் தேவை, ஆனால் காசு ஒதுக்க எந்தச் சபைக்கும் மனம் வராது. ஒரு வேலையைச் செய்து, வேறொரு வேலைக்குச் சம்பளம் வாங்கியவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். உங்களுக்கு இது புரியும்.

மிச்சக் காசு

ஹட்டனுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு சின்னப் பட்டின சபை. எழுபதுகளில் நான் அங்கே சந்தை கூட்டிக்கொண்டிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒருவன் சந்தைக் கூரையில் ஏறி, இறங்கமாட்டேன் என்று அழுதான். பொலிஸ்காரர் கீழே நின்று மிரட்ட மிரட்ட அவன் விளிம்புக்குப் போனான். நான் ஏணியில் பாதி ஏறி, "தம்பி, அந்தத் தகரம் எல்லாம் ஓட்டை. மழை பெஞ்சா நான்தான் தண்ணி தள்ளணும். எங்கெங்க ஓட்டைன்னு பார்த்துச் சொல்லேன்" என்றேன். அவன் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே ஏணிக்கு வந்துவிட்டான்.

சபையின் சேர்மன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இனி உனக்கு இதுதான் வேலை என்று அங்கேயே சொல்லிவிட்டார். மறுநாள் சபைக் கந்தோருக்குப் போனால் பொன்னுத்துரை கிளார்க் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "உந்த வேலைக்கு நிதி இல்லை, வேலு. தெருவிளக்குக்கு ஒதுக்கினதில மிச்சம் கிடக்குது. உம்மை அதில போட்டுவிடுறன், பேசாமல் இரும்."

துரையின் உத்தரவு

விளக்குக்கு எப்போது காசு குறைகிறதோ அப்போது என் வேலை போகும். பிறகு இந்த மனிதர்களிடம் யார் போவது? பொலிஸ்தான் போகும். அதனால் எனக்கென்று ஒரு பதவி வேண்டும் என்று ஒவ்வொரு வருஷமும் கேட்டேன். கிளார்க் ஒவ்வொரு வருஷமும் ஒரே பதில் சொன்னார்: நீர் போற இடம் முக்கால்வாசி தேயிலைத் தோட்டம், தோட்டம் சபை எல்லைக்குள்ளே இல்லை. தோட்டத்தில் கேட்டால், நீ சபை ஆள் என்றார்கள்.

அப்படி ஒரு தோட்டத்தில் ராமையா என்பவன் காலையில் ஆட்கள் கூடும் பெரட்டுக்களத்தில் ஏறி நின்று, தான்தான் தோட்டத்தை நடத்தும் துரை என்று எல்லாருக்கும் வேலை பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். சனம் சிரிக்கிறது, மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கையா கத்துகிறார், உண்மையான துரை ஜீப்பில் இருந்து இறங்கவே இல்லை. நான் போய்த் தொப்பியைக் கழற்றி, "துரை, எனக்கு எந்த மலையில வேலை?" என்றேன். யோசித்துப் பார்த்தான். "நீ தூரத்திலேர்ந்து வந்திருக்க. போய் தேத்தண்ணி குடி" என்றான். "துரை வராம நான் எப்படிங்க குடிக்கிறது?" என்றேன். சேர்ந்து குடித்தோம், சேர்ந்தே ஆஸ்பத்திரி பஸ்ஸில் ஏறினோம்.

தோட்டத்தில் ஒரு நாள் சம்பளத்தை 'ஒரு பேர்' என்பார்கள். சுகமாகித் திரும்பிய ராமையா சந்தையில் என் கையைப் பிடித்துக்கொண்டான். "மன்னிச்சுக்கங்கண்ணே. நான் துரையா இருந்தப்பவாச்சும் உங்களுக்கு ஒரு முழுப்பேரு போட்டிருக்கணும்."

லெச்சுமியின் கதவு

அப்போது தோட்டச் சனத்தில் பலரை அரசாங்கம் இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. லெச்சுமி தன் அம்மாவையும் தம்பியையும் இந்தியாக் கப்பலுக்கு ரயிலேற்றிவிட்டு வந்தவள். அவளுக்கு மட்டும் அந்தப் பக்கம் போகப் பத்திரம் வரவில்லை. தோட்டத்து வரிசை வீடான லயத்துக்கு வந்து, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு உள்ளே போய்க் கதவைத் தாழ் போட்டுக்கொண்டாள். என்னைக் கூப்பிட ஆள் வந்தது. ஓடுகிற வழியில் பேக்கரி முதலாளி மறித்து, கடை முன்னால் பல்பு எரியவில்லை என்று சண்டைக்கு வந்தார். அவரைத் தள்ளிவிட்டுப் போனேன்.

லயத்து வாசலில் யாரோ, "தெருலைட்டுக்காரரு வந்துட்டாரு" என்றார்கள். உள்ளேயிருந்து சத்தம் வந்தது: "லைட்டே இல்லாத லயத்துக்கு லைட்டுக்காரன் எதுக்குய்யா வந்தான்?" எனக்குக் கோபம் வந்துவிட்டது, அவள் மேல் இல்லை, கிளார்க் மேல். வாசற்படியில் உட்கார்ந்து கூரையில் நின்றவன் தொடக்கம் எல்லாவற்றையும் கொட்டினேன். நடுவில் அவள் இரண்டு கேள்வி கேட்டாள். முடிவில் தாழ் விலகியது. கத்தியின் பிடி என் பக்கம் நீண்டது. "எங்கம்மா போன கவலையே மறந்துபோச்சுங்க, அந்தாளு மேல அம்புட்டு ஆத்திரமா வருது. இந்தாங்க, இதப் பிடிங்க, தண்ணி கொதிக்க வைக்கிறேன்."

அன்றிலிருந்து எந்தக் கதவுக்கு முன்னாலும் பொன்னுத்துரை கதையைத்தான் சொன்னேன். திறக்காத கதவு குறைவு.

கிளார்க் ஐயாவின் கதவு

ஒரு காலை கணக்குப் பரிசோதகர் வரப்போவதாகச் சேதி வந்தது. பொன்னுத்துரை கிளார்க் சாமான் அறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டார். மூச்சு வாங்குவது வெளியே கேட்டது. சேர்மன் என்னைப் பார்த்தார். என்னிடம் இருந்ததோ ஒரே கதை.

அதையே சொன்னேன். பெயரை மட்டும் விட்டுவிட்டு, "ஒரு ஊர்ல ஒரு கிளார்க்குங்க" என்று தொடங்கினேன். மூச்சு மெல்ல அடங்கியது. கடைசியில் கதவு ஒரு சாண் திறந்தது. முகம் நனைந்திருந்தது. "உவன் செய்தது பெரிய பிழை, வேலு. வாற வருஷ வரவுசெலவில முதல் வரி உம்முடைய பதவிதான். இது சத்தியம்" என்றார். கையைப் பிடித்து வெளியே கொண்டுவந்து, முகம் கழுவ வைத்து நாற்காலியில் உட்காரவைத்தேன். பரிசோதகர் வந்து, சந்தைக் கணக்கை மட்டும் பார்த்துவிட்டு ரயிலுக்குப் போய்விட்டார்.

வருஷக் கடைசியில் வந்த வரவுசெலவின் முதல் வரியில் வடிகான் வெட்டும் செலவு இருந்தது. கடைசி வரி வரைக்கும் வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். நான் இல்லை. நேரே போய்ச் சத்தியத்தை ஞாபகப்படுத்தினேன். கிளார்க் பேனாவை மூடிவைத்தார். "சுகமில்லாத ஆள் சொன்னதைச் சபை ஏற்காது. இது உமக்குத் தெரியாத விஷயமே?"

பிறகு எண்பதுகளில் அந்தச் சபையையே கலைத்தார்கள், கிளார்க் பென்ஷனோடு ஊருக்குப் போனார், என் பதவி இன்னும் வரவில்லை. பல்பு எரியவில்லை என்று மட்டும் இன்றைக்கும் என் கதவைத்தான் தட்டுகிறார்கள்.