தாய்மாமன் ஆட்டம்

நாங்கள் ஷார்ஜாவுக்குக் குடிவந்த புதிதில், ஆட்டம் என்றால் எங்கள் கட்டடத்து மொட்டை மாடிதான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் யாராவது ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு மேலே போவார்கள். கேரளத்து நர்சுகள், பிலிப்பைன்ஸ் பெண்கள், கீழே கடை வைத்திருந்த கீழக்கரை பாய், தொழில்பேட்டை லேபர் கேம்பிலிருந்து என்னைப் பார்க்க வரும் என் தம்பி, எல்லாரும் ஆடுவோம். தம்பி குத்தாட்டத்தில் இறங்கினால் மற்றவர்கள் ஒதுங்கி வட்டம் கட்டிவிடுவார்கள். என் கணவர் மட்டும் தண்ணீர்த் தொட்டி ஓரமாக நின்று கைதட்டுவார். தனக்கு இடுப்பு என்று ஒன்று இருப்பது அவருக்கு பேன்ட் வாங்கும்போதுதான் நினைவுக்கு வரும்.

பிறகு யாரோ புகார் சொல்லி மாடிக்குப் பூட்டு விழுந்தது. ஆட்டம் நிற்கவில்லை, பிரிந்துபோனது. கேரளத்தவர்கள் அவர்கள் சங்கத்துக்குப் போனார்கள். பிலிப்பைன்ஸ் பெண்கள் பூங்காவில் வரிசை கட்டி ஆடினார்கள். தம்பியோடு கேம்பில் இருந்த பட்டாணியர்கள் அதற்கு எதிரே இருந்த மணல் திடலில் வட்டமாகச் சுற்றினார்கள். எங்கள் தமிழ்ச் சங்கத்துக்கு ஒரு ஹால் கிடைத்தது. அதன் வாசலில் ‘ஃபேமிலி ஒன்லி’ என்று பலகை. பெண்டாட்டி பிள்ளையை ஊரில் விட்டுவிட்டு வந்தவனுக்கு இங்கே பேச்சுலர் என்று பெயர். என் தம்பிக்கு இரண்டு பிள்ளைகள், அவனும் பேச்சுலர்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் பொங்கல் வந்தால் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு அங்கேதான் போவேன். ஊரோடு ஒத்து வாழச் சொல்லிவைத்திருக்கிறார்களே.

என் மகள் பெரியவளானபோது சின்னதாக ஒரு சடங்கு வைத்தோம். எங்கள் புதுக்கோட்டைப் பக்கம் தாய்மாமன் சீர்த்தட்டுகளோடு மேளத்துக்கு ஆடிக்கொண்டே வர வேண்டும். அவன் வந்து மாலை போட்டால்தான் சடங்கு. தம்பிக்கு அடுத்த வாரம் விசா கேன்சல், மொத்தமாக ஊருக்குப் போகிறான். மாடியைப் பூட்டியபோது என் மகள் கைக்குழந்தை, மாமா ஆடி அவள் பார்த்ததே இல்லை. “அக்கா, போறதுக்குள்ள பாப்பாவுக்கு முன்னாடி ஒரு ஆட்டம் போட்டுரணும்” என்று போனில் சொல்லிக்கொண்டே இருந்தான். தாய்மாமனைவிட நெருங்கிய ஃபேமிலி ஏது என்ற தைரியத்தில் நானும் அந்த ஹாலையே பிடித்தேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் வெள்ளை வேட்டியில் வந்தான். கேம்ப் நண்பர்கள் தட்டு ஏந்த, ஒருவன் பெயின்ட் வாளியைக் கவிழ்த்துத் தட்ட, கார் நிறுத்துமிடத்திலிருந்தே ஆடிக்கொண்டு வந்தார்கள். வாட்ச்மேன் குறுக்கே கையை நீட்டினான்.

“பாய், பேச்சுலர் மாஃபி, நோ என்ட்ரி. ஒன்லி ஃபேமிலி.”

சங்கத்துச் செயலாளர் ஓடி வந்தார். “ரூல் ரூல்தாம்மா. இன்னைக்கு இவங்கள விட்டா நாளைக்கு கேம்பே வந்து நிக்கும்.”

“அவன் தாய்மாமன் அண்ணே! அவன விட்டுட்டு உள்ள யாருக்கு என்ன சடங்கு?”

“அக்கா, சண்டை வேணாம்க்கா. மாலைய நீயே போட்டுரு” என்று தம்பி தட்டுகளை வாசலிலேயே இறக்கி வைத்தான். அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவற்றை உள்ளே கொண்டுபோய் மாலையை எடுத்தால் மகள் கழுத்தை நீட்டவில்லை. “மாமாதான் போடணும்” என்றாள். வந்தவர்கள் பிரியாணி சாப்பிட்டார்கள், பாட்டுப் போட்டு ஆடினார்கள். நான் மாலையைப் பத்திரமாக எடுத்து வைத்தேன்.

மறுநாள் அந்த மாலையை எடுத்துக்கொண்டு, மகளோடு நானே கார் ஓட்டி, கேம்புக்கு எதிரே இருந்த மணல் திடலுக்குப் போனேன். வாளிச் சத்தம் தூரத்திலேயே கேட்டது. நாங்கள் காரைவிட்டு இறங்கியதும் நின்றுவிட்டது. சட்டை இல்லாதவர்கள் ஓடிப்போய்ச் சட்டை போட்டார்கள். ஒரு பட்டாணியர் நாற்காலியைத் தன் தோள் துண்டால் துடைத்துப் போட்டுவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு தள்ளிப் போனார். ஃபேமிலி வந்திருக்கிறதே!

தம்பி மாலை போட்டான். மகள் அவன் காலில் விழுந்தாள். “ஆடுடா” என்றேன். ஒரு காலைத் தூக்கியவன் சுற்றிலும் பார்த்தான். எல்லாரும் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஹாலில் எங்களைப் பிரித்தது பலகை என்றால், இங்கே அவர்களுடைய மரியாதையே பிரித்தது. அந்த மரியாதையோடு எப்படிச் சண்டை போடுவது?

“கூச்சமா இருக்குக்கா. நீங்க நின்னா இவங்க யாரும் ஆட மாட்டாங்க, தனியா எனக்கும் வராது. கார்ல உக்காந்து பாருங்களேன்.”

பின்சீட்டில் இருவரும் உட்கார்ந்து கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டோம். கொஞ்ச நேரத்தில் வாளி முழங்கியது. பட்டாணியர்கள் வட்டம் கட்டினார்கள், நடுவில் என் தம்பி இறங்கினான். அப்படி ஒரு ஆட்டத்தை மாடியில்கூட அவன் ஆடியதில்லை. மகள் “மாமா! மாமா!” என்று கத்திக்கொண்டு உட்கார்ந்தபடியே ஆடினாள். நான் அழுதுகொண்டே கைதட்டினேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் அவன் மறுபடி காரைப் பார்த்தே வந்து ஆடினான்.

முடிந்ததும் மூச்சிரைக்க ஓடி வந்து கண்ணாடியைத் தட்டினான். இறக்கினேன்.

“பாப்பா பாத்தாளாக்கா? கண்ணாடி ஒரே கறுப்பு. உள்ள ஆள் இருக்கறதே தெரியல. இருக்கீங்கன்னு நெனச்சுக்கிட்டேதான் ஆடினேன்.”