விநாடி முள்ளில் சிவப்பு

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டருக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது என்பது அவர் மனைவியின் நெடுநாள் குறை. இத்தனைக்கும் அவர் பிழைப்பே உட்கார்ந்திருப்பதுதான். காலையிலிருந்து மாலைவரை வண்டி பழகுகிறவரின் பக்கத்து இருக்கையில் இருப்பார். ஆனால் அவர் கால் தன் பக்கத்து இரண்டாவது பிரேக்கின் மேல் மிதந்துகொண்டே இருக்கும். கண் எல்லாக் கண்ணாடிகளிலும் மாறி மாறி ஓடும். வீட்டில் டிவியில் ஒரு லாரி குறுக்கே வந்தால்கூட அவர் கால் தரையை அழுத்தும்.

அவர் கையில் கட்டியிருந்தது அப்பாவின் வாட்ச். அப்பா துறைமுகத்தில் தண்ணீருக்குள் இறங்கிக் கப்பல்களின் அடிப்பாகத்தைப் பழுது பார்த்தவர். வாட்சுக்குக் கறுப்பு முகம், பழுப்பேறிய புள்ளிகள், விளிம்பில் திருகுகிற வளையம், விநாடி முள்ளின் நுனியில் மட்டும் ஒரு பொட்டுச் சிவப்பு. மாஸ்டர் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போதே அப்பா போய்விட்டார். முதல் வேலை கிடைத்த அன்று அக்காதான் அந்த வாட்சை எடுத்து அவர் கையில் கட்டிவிட்டாள்.

அதற்குப் பெரிய மதிப்பு இருக்கிறது என்று அவருக்குச் சொன்னவர் ஒரு பல் டாக்டர். தலை நரைத்த பிறகு வண்டி பழக வந்தவர். முதல் நாளே ரோட்டை விட்டுவிட்டு மாஸ்டரின் மணிக்கட்டையே பார்த்தார். நின்றிருந்த பால் வண்டியின் பின்பக்கம் நெருங்கி வந்தது. மாஸ்டர் பிரேக்கை அழுத்தினார்.

"மாஸ்டர், இந்த வாட்ச் உங்களுக்கு எங்க கிடைச்சுது?"

"மொதல்ல ரோட்டைப் பாருங்க டாக்டர்."

டாக்டர் பழைய வாட்ச் சேர்க்கிறவர். அவரைப் போல ஊர் ஊராகப் பலர் இருக்கிறார்களாம். அந்த வாட்சைச் செய்த கம்பெனி அதே வாட்சை மறுபடி வெளியிட நினைத்திருந்தது. ஆனால் தொழிற்சாலையை இடம் மாற்றியபோது பழைய வரைபடங்களைத் தொலைத்துவிட்டு, நல்ல நிலையிலிருக்கும் ஒரு பழைய வாட்சைத் தேடிக்கொண்டிருந்தது. டாக்டர் தகவல் சொன்னார். கம்பெனியிலிருந்து ஒரு டிசைனர் பெண் வந்து, பஞ்சு வைத்த பெட்டியில் வாட்சை வாங்கிப் போனாள். அது திரும்பி வரும்வரை மாஸ்டர் வெறும் மணிக்கட்டைப் பார்த்துப் பார்த்து ஏமாந்தார்.

பழசு மாதிரியே புதுசு செய்து யாருக்கு என்ன லாபம் என்று அவர் ஒருநாள் கேட்டார். பழைய முகம், புது உடம்பு. மழையில் நனைக்கலாம், ரிப்பேருக்கு அலைய வேண்டாம் என்றெல்லாம் டாக்டர் விளக்கினார். சிக்னல் சிவப்பில் வண்டி நின்றபோது குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அப்பா கட்டின வாட்ச் எல்லாருக்கும் கிடைக்குமா மாஸ்டர்? எங்கப்பா வாட்சே கட்டினதில்ல. எனக்கு இதுதான் வழி."

புது வாட்ச் வந்தது. நன்றிக்கு ஒன்றை மாஸ்டருக்கும் அனுப்பியிருந்தார்கள். புள்ளிகளைப் புதிதிலேயே பழுப்பாக்கியிருந்தார்கள். கண்ணாடி அதே போல மேடிட்டிருந்தது. சிவப்பு முனையும் அச்சுப் பிசகாமல் இருந்தது. ஆழத்து இருட்டில் முக்குளிப்பவரின் கண்ணில் படுவதற்காக அந்தக் காலத்திலேயே யோசித்துச் செய்த முனை அது என்று விளம்பரம் சொன்னது. வாட்ச் சேர்க்கிறவர்கள் அந்தச் சிவப்பைப் பற்றியே பேசித் தீர்த்தார்கள். டாக்டர் தனக்கு ஒன்றும், பூட்டி வைக்க ஒன்றுமாக வாங்கினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாஸ்டர் இரண்டு வாட்சையும் அக்காவிடம் காட்ட எடுத்துப் போனார். அக்கா ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தவள், மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"புதுசுலயும் எதுக்கு இந்தச் சிவப்பை வச்சிருக்காங்க?"

"அப்பா வாட்ச்ல இருக்குல்லக்கா, அதான்."

"அப்பா வாட்ச்ல ஏதுடா சிவப்பு? அது நான் போட்டது."

சொல்லிவிட்டு அவள் ஒரு போர்வையின் மறுமுனையைப் பிடிக்கச் சொன்னாள். மடித்துக்கொண்டே மிச்சத்தையும் சொன்னாள். அப்பா போனதும் அந்த வாட்சை அவள்தான் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள். வார்டில் வெளிச்சம் குறைவு. நோயாளியின் நாடியை எண்ணும்போது வெள்ளை விநாடி முள் வெள்ளைக் கோடுகளுக்குள் காணாமல் போகும். ஆஸ்பத்திரி வாசலில் கடை போட்டிருந்த ரிப்பேர்காரர் வேறொரு வாட்சிலிருந்து சிவப்பு முனை முள்ளை எடுத்து மாட்டிக் கொடுத்தார்.

அன்றிலிருந்து மாஸ்டருக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாப்பாட்டில் பாதியில் எழுந்து ஜன்னலுக்குப் போவார், திரும்பி வருவார். சொன்னால் டாக்டரின் முகத்தில் கரி பூசியது போல ஆகும். சொல்லாவிட்டால் அக்கா போட்ட முள்ளை ஊரெல்லாம் வேறு யாரோ போட்டதாகக் கும்பிட்டுக்கொண்டிருக்கும். விளம்பரத்தைப் பார்க்கும்போதெல்லாம் தன் பெயரிலேயே பொய் எழுதியது போல அவருக்கு உடம்பு கூசியது.

"ஒண்ணு சொல்லிடுங்க, இல்ல மறந்துடுங்க," என்றாள் மனைவி. "ரெண்டும் இல்லாம இப்படிக் கூண்டுப் புலி மாதிரி நடந்தா கீழ் வீட்டுக்காரங்க சண்டைக்கு வந்துடுவாங்க."

ஒரு காலை, ஒரு பெண்ணுக்கு வண்டியைப் பின்னோக்கி எடுக்கப் பழக்கிக்கொண்டிருந்தார். நினைப்பு எங்கோ இருந்தது. வண்டியின் பின்பக்கம் ஒரு கேட் தூணில் உரசி நின்றது. தன் தப்பு என்று நினைத்து அந்தப் பெண் அழ ஆரம்பித்துவிட்டாள். தப்பு அவளுடையது இல்லை என்று அவளுக்கும் தூணின் சொந்தக்காரருக்கும் விளக்கிவிட்டு, மாஸ்டர் நேரே பல் ஆஸ்பத்திரிக்குப் போனார்.

டாக்டர் கையுறையைக் கழற்றாமலே கேட்டுக்கொண்டிருந்தார்.

"வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்ல."

"அப்ப சொல்லாதீங்க மாஸ்டர். வயசானவங்க ஞாபகம், முன்ன பின்ன இருக்கும்."

வாட்ச் சேர்க்கிறவர்கள் எல்லாம் ஓர் ஓட்டலில் கூடப்போகிறார்கள், அந்த வாட்சைப் பற்றிப் பேசப்போவதே தான்தான் என்றார். அக்காவின் ஞாபகத்தைக் குறை சொன்னதுதான் மாஸ்டருக்குச் சுருக்கென்று தைத்தது. படி இறங்கும்போதே அந்த டிசைனர் பெண்ணுக்கு போன் போட்டார். விஷயத்தைக் கேட்டதும் அவள், அதே வாட்சின் ஒரு பழைய போட்டோவில் வெற்று வெள்ளை முள்ளைப் பார்த்ததாகவும், கையில் இருக்கிற வாட்சை நம்பு என்று மேலிடம் சொல்லிவிட்டதாகவும் சொன்னாள். கூட்டத்துக்குத் தானும் வருவதாகச் சொல்லி, அக்காவை அழைத்து வர முடியுமா என்று கேட்டாள்.

கூட்டத்தில் எல்லாரும் ஒருவர் மணிக்கட்டை ஒருவர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டிசைனர் பெண் அக்காவை முன்வரிசைக்குக் கூட்டிப் போய், விஷயத்தைச் சபையிலேயே சொல்லச் சொன்னாள். அக்கா எழுந்து நின்று, போர்வை மடிக்கும்போது சொன்ன மாதிரியே சொன்னாள். ஹாலில் சலசலப்பு எழுந்தது. டாக்டர் மேடையிலிருந்து இறங்கி வந்தார். முகம் வேர்த்திருந்தது.

"அம்மா, எத்தனையோ வருஷமாச்சு. நீங்க தப்பா நினைச்சிட்டிருக்கலாம் இல்லையா?"

அக்கா தம்பி கட்டியிருந்த அப்பாவின் வாட்சைக் கழற்றி வாங்கிக்கொண்டாள். டாக்டரின் கையைப் பிடித்து, மூன்று விரலை மணிக்கட்டில் பதித்து, சிவப்பு முனையைப் பார்த்தபடி நின்றாள். அவள் உதடு மட்டும் அசைந்தது. ஹால் அடங்கிப்போனது.

"வேகமா ஓடுதுங்க டாக்டர். உக்காந்து கொஞ்சம் தண்ணி குடிங்க."

டாக்டர் சொன்னபடி உட்கார்ந்தார், தண்ணீர் குடித்தார். குடித்து முடித்ததும் தன் வாட்சின் சிவப்பு முனையைப் பார்த்து மெதுவாகச் சிரிக்க ஆரம்பித்தார். அப்புறம்தான் மற்றவர்களும் சிரித்தார்கள்.

கம்பெனி விளம்பரத்தை மாற்றியது. ஒரு நர்ஸ் தன் வேலைக்காகப் போட்டுக்கொண்ட முள் என்று இப்போது அதில் இருக்கிறது. அடுத்த முறை வெள்ளை முள்ளோடும் செய்தார்கள். ஆனால் ஆட்கள் சிவப்பைத்தான் தேடுகிறார்கள் என்று டிசைனர் பெண் சொன்னாள். டாக்டர் கொஞ்ச நாள் முகம் கொடுக்கவில்லை. பிறகு வண்டி நிறுத்தப் பழக வேண்டும் என்ற சாக்கில் வந்து உட்கார்ந்தார். பூட்டி வைத்திருந்த வாட்சைத் தன்னிடம் வேலை செய்யும் நர்ஸுக்குக் கொடுத்துவிட்டதாகப் பேச்சோடு பேச்சாகச் சொன்னார்.

கூட்டம் முடிந்த அன்று மாஸ்டர்தான் அக்காவை வீட்டில் விட்டார். அவள் இரண்டாவது பிரேக் இருந்த பக்கம் காலை ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"வேலைக்கு வேணுங்கிற வாட்சை ஏன்க்கா எனக்குக் குடுத்த?"

"உனக்கு வேலை கிடைச்ச நாள்ல குடுக்க என்கிட்ட வேற என்னடா இருந்துச்சு?"

அதற்குப் பிறகு வார்டுச் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தே நாடி எண்ணினாளாம். அது தெரியாத தூரத்துக் கட்டில்களுக்கு, கூட இருக்கிற நர்ஸிடம் வாட்சைக் கடன் வாங்குவாளாம். மாஸ்டர் வண்டியை ஓரங்கட்டி, கூட்டத்தில் அவளிடமிருந்து திரும்ப வாங்கிக் கட்டியிருந்த வாட்சைக் கழற்றி அவள் மடியில் வைத்தார். வேண்டாம் என்பாள் என்று உள்ளுக்குள் ஓர் ஆசை இருந்தது. அக்கா எடுத்துக் கட்டிக்கொண்டாள்.

இப்போது அவர் கட்டுவது கம்பெனி கொடுத்த புதுசை. நல்ல வாட்ச்தான், வண்டி கழுவும்போது கழற்ற வேண்டியதில்லை. ஆனாலும் மனம் ஒரு நிலையில் நிற்பதில்லை. காலையில் எழுந்ததும் அக்காவுக்கு போன் போட்டு, வாட்சுக்குச் சாவி கொடுத்தாளா என்று கேட்கிறார்.

"நீ விசாரிக்கிறது வாட்சையா, என்னையா?"

"ரெண்டையும்தான்க்கா."

இத்தனை வருஷம் அவர் அவளுடைய வார்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. இப்போது கேட்கிறார். அவளும் சொல்ல ஆரம்பித்தால் லேசில் நிறுத்துவதில்லை. மாஸ்டர் போனைக் காதில் வைத்தபடி கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடக்கிறார். அன்றைய முதல் வகுப்புக்கு வந்தவர் வாசலில் நிற்கும் வண்டியில் உட்கார்ந்து ஹாரன் அடித்துக்கொண்டிருக்கிறார்.