ஊசி அக்காவின் ஞாயிற்றுக்கிழமை வண்டிகள்

பரிசோதனைக் கூடத்தில் எல்லாரும் அவளை ஊசி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வருபவர்களுக்கு ரத்தம் எடுப்பதுதான் வேலை. வலிக்கவே வலிக்காது என்று அவள் யார் காதிலும் பூச்சுற்ற மாட்டாள். "சுருக்குனு இருக்கும், அப்புறம் ஒண்ணுமில்ல" என்பாள். சொன்னபடியே இருக்கும். கையில் நரம்பே கிடைக்காத ஆளாக இருந்தாலும் இரண்டு விரலால் தடவிப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவாள். ஊரையே மிரட்டி வைத்திருக்கும் பெரிய டாக்டர்கூடத் தனக்கு ரத்தம் எடுக்க அக்காதான் வரவேண்டும் என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அவளுக்கு ஐம்பத்தேழு வயது. முப்பத்தோரு வருடமாக அவள் ஒரு வண்டியும் ஓட்டியதில்லை. ஆனால் மோட்டார் சைக்கிள் லைசென்ஸை மட்டும் கெடு முடிகிற ஒவ்வொரு முறையும் மறக்காமல் புதுப்பித்துவிடுவாள். வரிசையில் நின்று, புதுப் போட்டோ கொடுத்து, வாங்கி வந்து, பீரோவில் மடித்த துணிகளுக்கு அடியில் வைத்துவிடுவாள். ஓட்டாத வண்டிக்கு எதற்கு லைசென்ஸ் என்று அவளும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம்தான், வேறென்ன?

இருபது வயதில் அண்ணனின் பழைய வண்டியை ஓட்டக் கற்றுக்கொண்டு, அண்ணனைவிட நன்றாக ஓட்டியவள். கல்யாணமான முதல் வருடம் கணவனைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு அலையாத இடமில்லை. அவர் அச்சகத்தில் புரூஃப் பார்ப்பவர். அடுத்தவர் எழுத்தில் பிழை கண்டுபிடித்தே காலம் தள்ளிய மனிதர், அதனால் புரூஃப் சார். ஒரு நாள் குடிநீர்த் தொட்டி வளைவில் வண்டி திரும்பாமல் நேரே போய் மண்ணில் சரிந்தது. அவளுக்கு முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று. அவருடைய இடது முழங்கால் நொறுங்கிவிட்டது. அந்தக் கால் இன்றைக்கும் முழுசாக மடங்காது. நடக்கும்போது ஒரு பக்கம் லேசாக இழுக்கும்.

ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "என் தப்புதான், என் தப்புதான்" என்று அவள் அழுதாள். அவர் அவள் கையைத் தட்டி, "விடு" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே அவர் எடுத்ததில்லை. இப்படி ஒரு தங்கமான மனுஷன் யாருக்குக் கிடைப்பான் என்று சொந்தக்காரர்கள் எல்லாம் மெச்சினார்கள். வண்டியை விற்கச் சொன்னது அவள்தான். அந்த ஒற்றை "விடு"வுக்காக முப்பத்தோரு வருடமாக மனசுக்குள் நன்றி சொல்லிக்கொண்டிருந்தாள்.

அப்படி இருந்தவளை ஒரு சத்தம் கெடுத்தது. வீட்டோடு கிடக்கும் நோயாளி ஒருவருக்கு ரத்தம் எடுத்துவிட்டு, குழாய்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு வெளியே வந்தாள். எதிர்க் கடையில் ஒரு மோட்டார் சைக்கிளைக் கிளப்பிச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளங்காலில் அது அதிர்ந்தது. பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள். மோட்டார் சைக்கிள்கள் மணிக்கணக்கில் வாடகைக்கு என்று பலகை சொன்னது.

வாடகைக்கு என்பதுதான் அவளுக்குப் பிடித்துப்போயிற்று. சொந்தமாக வாங்கினால் வண்டி வீட்டு வாசலில் நிற்கும். நொண்டிக்கொண்டே போய்வரும் மனிதர் தினமும் அதைப் பார்க்க வேண்டியிருக்கும். வாடகை வண்டிக்கு அந்தத் தொல்லை இல்லை. ஒரு மணி நேரம் கழித்து அது யாருடைய வண்டியோ, இவள் வெறும் ஊசி அக்கா. ஞாயிற்றுக்கிழமை காலையில் நோயாளிகள் வீட்டுக்கே போய் ரத்தம் எடுக்க வேண்டியிருக்கிறது என்று புரூஃப் சாரிடம் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

கடைக்காரர் அரிசி மூட்டை மாதிரி கனத்த மனிதர். அவர் கடையில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக வருபவர் யாராக இருந்தாலும், கடைக்குப் பின்னால் இருக்கும் மைதானத்தில் அவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று வரவேண்டும். அவருக்குத் திருப்தி என்றால்தான் வண்டி.

"பேப்பர்ல லைசென்ஸ் இருக்கும்க்கா. ஓட்டத் தெரியுமான்னு பின்னாடி உக்காந்தாத்தான் தெரியும்" என்று ஏறி உட்கார்ந்தார். வண்டி ஒரு விரற்கடை இறங்கியது.

முதல் அரைச் சுற்று அருமையாகப் போயிற்று. உடம்பு எதையும் மறக்கவில்லை என்று அக்காவுக்கு நெஞ்சு நிறைந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு பூனை குறுக்கே ஓடியது. பிரேக் போட இடது காலை ஓங்கி மிதித்தாள். வண்டி நிற்கவில்லை. கியர் சடாரென்று இறங்கி, வண்டி உறுமிக் குலுங்கி, கடைக்காரரின் மூக்கு அவள் ஹெல்மெட்டின் பின்பக்கத்தில் போய் முட்டியது.

அவள் கற்றுக்கொண்ட அந்தப் பழைய வண்டியில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். இப்போதைய வண்டிகளில் எல்லாமே தலைகீழ். அது அவள் தலைக்குத் தெரிந்திருந்தது. காலுக்கு யாரும் சொல்லவில்லை.

கடைக்காரர் மூக்கைத் தேய்த்துக்கொண்டே இறங்கினார். "நீங்க நல்லாவே ஓட்டறீங்கக்கா. உங்க கால்தான் முப்பது வருஷம் பின்னாடி நிக்குது. அதைக் கூட்டிட்டு வாங்க, வண்டி தர்றேன்."

கியர் இல்லாத ஸ்கூட்டர் வேண்டுமானால் உடனே தருகிறேன் என்றும் சொன்னார். அக்கா பார்த்த பார்வையில் மறுபடி அவர் ஸ்கூட்டர் என்ற சொல்லையே எடுக்கவில்லை.

அந்த வாரம் முழுக்கப் பரிசோதனைக் கூடத்தில் மேஜைக்கு அடியில் பயிற்சி நடந்தது. மேலே கை ரத்தம் எடுக்கும். கீழே இடது கால் விரல், அங்கே இல்லாத கியரை ஒவ்வொன்றாகத் தூக்கும்; வலது கால், அங்கே இல்லாத பிரேக்கை அழுத்தும். கையை நீட்டிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் குனிந்து பார்த்து, "காலுக்கு என்னம்மா ஆச்சு? நீயும் ஒரு டெஸ்ட் எடுத்துப் பாத்துடேன்" என்றார்.

அடுத்த ஞாயிறும் தோல்விதான். மூன்றாவது ஞாயிறு, கடைக்காரர் பின்னால் இருந்தபடி கையிலிருந்த காலி டப்பாவை வேண்டுமென்றே முன்னால் வீசினார். வலது கால் தானாக அழுந்தியது. வண்டி சமர்த்தாக நின்றது.

"கால் வந்து சேந்துடுச்சு" என்றார் கடைக்காரர்.

அக்காவுக்கு அழுகை முட்டியது. அதை மறைக்க வேறு எதையோ பேசினாள். "உங்களை மாதிரி கனமான ஆளை வச்சுக்கிட்டுக்கூட வளைவுல வண்டி எவ்வளவு லேசாத் திரும்புது!"

"நான் உங்க கூடவே சாயறேன்ல? பின்னாடி இருக்கறவன் பயந்துபோய் எதிர்ப்பக்கம் சாஞ்சான்னா எந்தக் கொம்பனாலயும் திருப்ப முடியாதுக்கா."

அவளுக்குள் என்னவோ ஒன்று நெருடியது. சாவியை வாங்கிய சந்தோஷத்தில் அதை அப்படியே விட்டுவிட்டாள்.

அதற்குப் பிறகு வாரம் ஒரு வண்டி. கால் விரல் நுனி மட்டும் தரையில் படும் உயரமான வண்டி ஒன்று, கத்தலுக்குக் குறைவில்லாமல் வேகத்துக்கு மட்டும் கணக்குப் பார்க்கும் சிவப்பு வண்டி ஒன்று, கிழவனாக இருந்தாலும் சொன்ன பேச்சுக் கேட்கும் கறுப்பு வண்டி ஒன்று. ஆளுக்கு ஒரு நரம்பு இருக்கிற மாதிரி வண்டிக்கு வண்டி ஒரு பிடி இருந்தது. அக்கா முதல் பத்து நிமிடத்தில் தடவிப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவாள். ஊரில் எல்லா ரோட்டிலும் ஓட்டினாள், குடிநீர்த் தொட்டி ரோட்டைத் தவிர. திரும்பி வரும்போது முகத்தில் சிரிப்பு தங்கிவிடும். தெருமுனையில் நின்று அதைத் துடைத்துவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைவாள்.

புரூஃப் சாருக்குச் சனிக்கிழமை சாயங்காலம் ஒரு வேலை உண்டு. வீட்டிலிருக்கும் எல்லா ஷூக்களையும் பழைய பேப்பர் மேல் வரிசையாக வைத்துப் பாலிஷ் போடுவார். ஏழாவது ஞாயிறு காலையில் அக்கா ஷூவுக்குள் காலை விடப் போனாள். இடது ஷூவின் மேற்புறம், கட்டைவிரலுக்கு மேலே, கறுப்புத் தோல் துண்டு ஒன்று தைத்திருந்தது. பொடிப் பொடியான தையல், ஓரம் மழுங்கச் சீவி, சுற்றிலும் பளபளவென்று பாலிஷ்.

கையில் ஷூவோடு கூடத்துக்கு வந்தாள். அவர் பென்சிலை வைத்துக்கொண்டு செய்தித்தாளில் எழுத்துப்பிழைகளுக்குச் சுழி போட்டுக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்றும் அந்த வியாதி போகவில்லை.

"ஏங்க, இது என்ன?"

"தோலு."

"தோலுன்னு தெரியுது."

"கியர் இடிச்சு இடிச்சு அந்த இடம் தேஞ்சுபோச்சு. இன்னும் ரெண்டு வாரம் விட்டா ஓட்டை விழுந்திருக்கும்." பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். "ஒண்ணுதான் எனக்குப் புரியல. அப்பல்லாம் உனக்கு வலது கால்தானே தேயும்?"

அக்கா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "இப்ப வர்ற வண்டியெல்லாம் மாத்தி வச்சிருக்காங்க" என்றாள், சின்னப் பிள்ளை மாதிரி. "எப்பலேருந்து தெரியும்?"

"ரெண்டாவது வாரம். ரத்தம் எடுக்கப் போற எடத்துல ஹெல்மெட்டு போடச் சொல்றாங்களா? நெத்தியில கோடு."

அவள் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். அவர் அதற்குள், "நானும் வரட்டுமா?" என்றார்.

"வேண்டாங்க. உங்க கால்..."

"கால் என்னுது. நான் பாத்துக்கறேன்."

வேண்டாம் என்றுதான் அவள் நினைத்தாள். மறுபடி ஒரு தடவை இவரைக் கீழே போட்டால் அதற்குப் பிறகு உயிரோடு இருந்து என்ன பிரயோசனம் என்றுகூட ஓடியது. ஆனால் அவர் அதற்குள் தன் ஷூவை மாட்டிக்கொண்டிருந்தார்.

அன்றைக்குக் கடையில் அவர் பண்ணிய அமர்க்களத்தைக் கடைக்காரர் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார். ஒவ்வொரு வண்டியிலும் பின்னால் ஏறி உட்கார்ந்து, மடங்காத காலை வைத்துப் பார்த்து, "இது மேல", "இது குறுகல்" என்று தள்ளிக்கொண்டே வந்தார். ஏழாவது வண்டியில்தான் கால் வசமாக உட்கார்ந்தது. கிழட்டுக் கறுப்பு வண்டி.

"ஓட்டறவங்க வண்டி பாப்பாங்க. பின்னாடி உக்கார்றவர் பாத்து எடுக்கறது இங்க இதான் முதல் தடவை" என்றார் கடைக்காரர்.

தெருவைத் தாண்டியதும் புரூஃப் சார் அவள் காதருகே குனிந்தார். "தொட்டி ரோட்டுல போ."

"வேற ரோடு இல்லையா?"

"அங்கதான் போகணும்."

அக்கா போனாள். தொட்டியின் சுவர் தெரிந்தது. வேகத்தைக் குறைத்தாள். வளைவு இடது பக்கம் திரும்பியது. அவள் வண்டியை இடது பக்கம் சாய்த்தாள். சாய்த்த அதே நொடியில் முதுகுக்குப் பின்னால் இருந்த கனம் முழுக்க வலது பக்கம் போயிற்று. வண்டி திரும்ப மறுத்து நேரே போனது. கைப்பிடிக்குள் வந்த அந்த முரண்டு அவளுக்குப் பழக்கமானது. முப்பத்தோரு வருடமாக அவள் கனவில் வந்துகொண்டிருந்தது அதேதான். வலது கால் தவறாமல் அழுந்த, வண்டி ரோட்டோரத்து மண்ணுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது.

அக்கா இன்ஜினை அணைத்தாள்.

"அன்னைக்கும் இப்படித்தான் சாஞ்சீங்களா?"

"ஆமா."

"அது உங்களுக்குத் தெரியுமா?"

"விழுந்து கெடக்கும்போதே தெரியும்." அவர் குரல் தேய்ந்துபோயிருந்தது. "நீ உன் தப்புன்னு அழுத. இல்லன்னு சொல்லியிருக்கணும். சொன்னா நீ மறுபடி ஓட்டுவ, என்னையும் கூப்பிடுவ. எனக்கு பயம். அப்புறம் சொல்லிக்கலாம், அப்புறம் சொல்லிக்கலாம்னு விட்டுட்டேன். இன்னைக்கு இங்க வந்து சொல்லிடணும்னுதான் கூட்டிட்டு வந்தேன். அதுக்குள்ள மறுபடியும் அதே பயம்."

ஊரார் பிழைக்கெல்லாம் சுழி போட்ட மனிதர், தன் பிழை ஒன்றை இவள் பேரில் அச்சாக விட்டுவிட்டுச் சும்மா இருந்திருக்கிறார்! அக்காவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"இறங்குங்க."

அவர் கையை ஊன்றி, மடங்காத காலை மெல்ல எடுத்து, இறங்கினார். ஹெல்மெட்டைக் கழற்றி மார்போடு பிடித்துக்கொண்டு ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்தார். அக்கா திரும்பிப் பார்க்காமல் வண்டியைக் கிளப்பினாள்.

தனியாக அந்த வளைவை ஒரே மூச்சில் கடந்தாள். வண்டி வெண்ணெய் மாதிரி திரும்பியது. அழுதுகொண்டே ஓட்டினாள். இருபத்தாறு வயதிலிருந்து இந்த வயது வரைக்கும் எத்தனை ஞாயிற்றுக்கிழமை! அத்தனையும் இவர் பயத்துக்குப் போயிற்றே என்று நெஞ்சு கொதித்தது. பேசாமல் வண்டியைக் கடையில் விட்டுவிட்டு நேரே வீட்டுக்குப் போய்விடலாம், அவர் நொண்டிக்கொண்டே நடந்து வரட்டும் என்று நினைத்தாள். அப்படி நினைத்தபோது நிஜமாகவே நினைத்தாள்.

அடுத்த ரோட்டுச் சந்திப்பில் கியரை இறக்கக் குனிந்தபோது இடது ஷூ கண்ணில் பட்டது. கியர் இடிக்கிற இடத்திலேயே கச்சிதமாக உட்கார்ந்திருந்தது அந்தத் தோல். இவள் ஓட்டுவது தெரிந்தபின், நிறுத்தவேண்டும் என்று அவர் நினைத்திருந்தால் ஒரு வார்த்தை போதும். ஓட்டை விழுந்துவிடக் கூடாது என்று உட்கார்ந்து தைத்திருக்கிறார்.

வண்டியைத் திருப்பினாள்.

அவர் அதே கல்லில், அதே மாதிரி உட்கார்ந்திருந்தார். வண்டியைப் பார்த்ததும் எழுந்தார். கிட்டே வரத் தைரியம் இல்லாமல் நின்றார்.

"என் கோவம் போகல" என்றாள் அக்கா. "வீட்டுல போய் நிறையப் பேச வேண்டியிருக்கு."

"சரி."

"இப்ப ஏறுங்க. நான் எந்தப் பக்கம் சாயறேனோ அந்தப் பக்கம் சாயணும்."

"சரி."

"கண்ணை மூடக் கூடாது."

"மூடினது எப்படித் தெரியும்?"

"பின்னாடி உக்காந்திருக்கறவரை எனக்குத் தெரியாதா? ஏறுங்க."

அவர் ஏறினார். இரண்டு கையாலும் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். அக்கா, முதலில் இருவரும் வந்த வழியே கொஞ்ச தூரம் போய்த் திரும்பி, அதே வளைவுக்கு அதே பக்கமாக வந்தாள். இடது பக்கம் சாய்த்தாள். பின்னாலிருந்து ஒரு பெரிய மூச்சு கேட்டது. பிறகு புரூஃப் சாரும் அவளோடு இடது பக்கம் சாய்ந்தார், தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே.