அத்தையின் கால்விரல்கள்

என் அத்தை அன்றைக்குக் கோயிலில் மயங்கி விழுந்தாளா, இல்லை, விழட்டும் என்று தன்னை விட்டுவிட்டாளா? பக்கத்தில் நின்று அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தவள் நான் ஒருத்திதான். அவள் சரிந்ததும் என் மேல்தான். ஆனாலும், என் மகள் மூன்றாம் வகுப்புக்குப் போகிற இந்த நாள்வரைக்கும் இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

அப்போது நானும் மூன்றாம் வகுப்புதான். ஆம்பூரில் இருந்தோம். அப்பா ஷூ கம்பெனியில் கட்டிங் சூப்பர்வைசர். அத்தை அவருடைய ஒரே தங்கை. அவளைப் படிக்க வைத்தவரும் அவர்தான். உடலியல் படித்து முடித்து, பெங்களூரில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்திருந்தாள். விண்வெளிக்குப் போய் வருகிறவர்களின் உடம்பு என்ன பாடுபடுகிறது, அதற்கு என்ன வைத்தியம் என்று பார்க்கிற இடம். அப்பா அதை அக்கம்பக்கத்தில் "ஆஸ்பத்திரி வேலை" என்று மட்டும் சொல்லி வைத்திருந்தார். விண்வெளி என்று சொன்னால் பெண் கேட்டு ஒருவரும் வரமாட்டார்கள் என்று அவருக்கு ஒரு பயம்.

அந்த மாதம் அத்தை தானே ஆராய்ச்சிக்குப் படுத்திருந்தாள். கட்டிலின் கால்மாட்டை உயர்த்தி, தலை சற்றுத் தாழ்ந்திருக்கும்படி, நாள்கணக்கில் எழுந்திருக்காமல் படுத்திருக்க வேண்டும். சாப்பாடு, குளியல், பல் துலக்குவது எல்லாம் படுத்தபடியேதான். எடையில்லாமல் மிதக்கிறவர்களின் உடம்பில் நடப்பதில் பாதி இந்தக் கட்டிலிலேயே நடந்துவிடுமாம். வெளி ஆட்களைப் படுக்கவைக்கும் முன் தானே படுத்துப் பார்ப்பதுதான் நியாயம் என்று அத்தை பெயர் கொடுத்துவிட்டாள். இதைக் கேட்டதும் அம்மா போனில் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் கேட்கிறது.

"படுத்துக்கினு இருக்கறதுக்கு ஒரு வேலையா! எனக்கும் ஒண்ணு சொல்லி வெய்யி பாப்பா. சமைக்க மட்டும் அவங்களையே ஆள் போடச் சொல்லு."

படுத்து முடித்த பிறகு அங்கேயே தங்கி, மெல்ல மெல்ல நிற்கப் பழகித்தான் வெளியே வர வேண்டும். அதற்குள் அப்பா போன் செய்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை விரிஞ்சிபுரம் கோயிலில் பெண் பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளை வீட்டுக்கு அணைக்கட்டு ஊர்ப் பக்கம் நிலம், வேலூரில் ஷூவின் மேல்பாகம் தைக்கிற சொந்த யூனிட். வீட்டுக்கு வந்து பார்த்து வேண்டாம் என்று சொல்லிவிட்டால் தெருவுக்கே தெரிந்துவிடும். கோயில் என்றால் இரண்டு பக்கமும் சாமி கும்பிட வந்ததாகச் சொல்லிக்கொள்ளலாம். அண்ணன் பேச்சைத் தட்டி அத்தைக்குப் பழக்கமில்லை. தன் பொறுப்பில் போவதாக எழுதிக் கொடுத்துவிட்டு ரயில் ஏறினாள்.

வந்த அன்று சாயங்காலம் பின்கட்டில் குழாயடியில் உட்கார்ந்து முகம் கழுவிவிட்டு எழுந்தவள், அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு திரும்ப உட்கார்ந்தாள். உதடு வெளுத்துவிட்டது. நான் துண்டை வைத்துக்கொண்டு நின்றிருந்தேன்.

"இன்னா அத்தை?"

"ஒண்ணும் இல்லடி. ரத்தம் சோம்பேறி ஆய்டுச்சு. இத்தினி நாளா படுத்தே கெடந்துச்சு இல்ல, மேல ஏறணும்ங்கறதே மறந்துட்டுச்சு. நாலு நாள் போனா சரியாய்டும்."

"அப்பா கிட்ட சொல்லட்டா?"

"ஐயையோ! சொன்னா அவ்ளோதான். இந்த வேலையே வேணாம், ஒரேடியா வந்துடுன்னுவாரு." என் கையைப் பிடித்து இழுத்து அருகில் உட்கார வைத்தாள். "எனக்கு நாளைக்கு ஒரு வேலை செய்வியா?"

அந்த வேலைக்கு அங்கேயே பயிற்சி நடந்தது. நிற்கும்போது கால்விரல்களைத் தரையில் அழுத்தி அழுத்தி விட வேண்டும். அப்போது கெண்டைக்கால் சதை இறுகி, காலில் தேங்குகிற ரத்தத்தை மேலே தள்ளிவிடும். என்னையும் செய்ய வைத்து, கெண்டைக்காலைத் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். பந்து போல இறுகுவதும் தளர்வதுமாக இருந்தது.

"ஆகாசத்துல இருந்து எறங்கி வர்றவங்களுக்கு இதுதான்டி பெரிய பாடு. அவ்ளோ தூரம் போய்ட்டு வந்துடுவாங்க. நிக்க முடியாது."

நான் அவளை ஒட்டி நின்று அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். விரல் அசையாமல் நின்றுவிட்டால், 'கால்' என்று ஒரே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

"நீயே ஆட்டிக்க மாட்டியா?"

"தலை சுத்த ஆரம்பிச்சா மறந்துடும்டி. சீக்கிரம் சொல்லிடணும், சரியா? விழறதுக்கு முன்னாடி காது அடைச்சுக்கும். அப்பறம் நீ கத்தினாலும் எனக்குக் கேக்காது."

இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. போர்வைக்குள் என் கால்விரல்களை அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டே கிடந்தேன்.

காலையில் அத்தை அம்மாவுக்குத் தெரியாமல் உப்பை அள்ளிப் போட்டு மோர் கரைத்துக் குடித்தாள். பெங்களூரிலிருந்து கொண்டுவந்த, முழங்கால்வரை இறுக்கிப் பிடிக்கிற காலுறையைப் பட்டுப்புடவைக்குள் மாட்டிக்கொண்டாள். கிளம்பும் நேரத்தில் அம்மா பார்த்துவிட்டாள்.

"இன்னா பாப்பா இது! பட்டுப்புடவைக்குள்ள சாக்ஸா? கோயிலுக்குள்ள எப்படிப் போட்டுக்கினு வருவே?"

"கால் வலி அண்ணி. இன்னிக்கு ஒரு நாள் விட்டுடுங்களேன்."

"உங்கண்ணன் பாத்தா பேஜாரு. கழட்டு கழட்டு. நேத்து ராத்திரி உக்காந்து மருதாணி வெச்சு உட்டேனே, அது யாருக்கு?"

காலுறையை உருவி எடுத்து அம்மா பீரோ மேல் போட்டாள். அத்தை என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். இனி எல்லாம் என் பொறுப்பு என்று எனக்குத் தோன்றியது.

கோயில் மண்டபத்தில் அவர்கள் வரும்வரை அத்தை படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். அதுவரை பயமில்லை. மாப்பிள்ளை, அவர் அப்பா, அம்மா மூவரும் வந்தார்கள். சன்னதியில் அலங்காரம் நடக்கிறது என்று திரை போட்டிருந்தது. திரை விலகும்வரை எல்லோரும் நின்றோம். பெரியவர்கள் நிற்கும்போது பெண் பார்க்கப்படுகிறவள் மட்டும் எப்படி உட்கார முடியும்?

நான் அத்தையின் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டு குனிந்தபடியே நின்றேன். கருங்கல் தரையில் மருதாணி வைத்த விரல்கள் மடங்கின, விரிந்தன, மடங்கின. ஒரு தடவை கொஞ்சம் தயங்கின. "கால்" என்றேன். உடனே மறுபடி அசைந்தன. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"இந்தக் கொழந்த ஏன் தலைய குனிஞ்சுக்கினே இருக்குது? பொண்ணு பாக்க வந்தது இவளையா, அவளையா?" என்று மாப்பிள்ளையின் அம்மா சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். நான் நிமிரவில்லை.

மாப்பிள்ளையின் அப்பா தொண்டையைச் செருமினார். "பெங்களூர்ல ஆராய்ச்சின்னாங்க. இன்னா ஆராய்ச்சிமா?"

"வானத்துக்குப் போறவங்க உடம்பு…" என்று அத்தை ஆரம்பித்தாள்.

"அதெல்லாம் சும்மா டெம்பரவரி சார்," என்று அப்பா குறுக்கே வந்தார். "வீட்ல சும்மா இருக்க வேணாமேன்னு போய்க்கினு இருக்கா."

"இல்ல, எதுக்குக் கேக்கறேன்னா, கல்யாணத்துக்கு அப்பறம் பெங்களூர் போறது வர்றது நமக்கு சரிப்படாது. யூனிட்ல கணக்கு வழக்கு பாக்கவே வீட்டு ஆள் ஒண்ணு வேணும்."

"இந்த மாசத்தோட நிறுத்திடுவா சார். நான் சொன்னா சரி. எம்பேச்சைத் தாண்ட மாட்டா. இன்னா பாப்பா?"

அத்தையின் விரல்கள் நின்றுவிட்டன.

"அத்தை, கால்."

அசையவில்லை. கொஞ்சம் உரக்கச் சொன்னேன். "அத்தை! கால்!"

மாப்பிள்ளையின் அம்மா பதறி, யார் காலையோ மிதித்துவிட்டோமோ என்று ஓரடி நகர்ந்துகொண்டார். அத்தை தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். பார்த்தாள் என்றுதான் நினைக்கிறேன். கண்கள் என் பக்கம் இருந்தன. அதே நொடியில் திரை விலகியது, மணி அடித்தது, எல்லோரும் கைகளைத் தலைக்குமேல் தூக்கினார்கள். அத்தையும் தூக்கினாள். விரல்கள் கல்லின் மேல் தளர்ந்து கிடந்தன. அப்படியே கொடியிலிருந்து நழுவுகிற துணி போல என் மேல் சரிந்தாள்.

பிறகு ஒரே சத்தம். "வலிப்பு! இரும்பு குடுங்க, இரும்பு!" என்று மாப்பிள்ளையின் அம்மா தன் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை உருவி அத்தையின் கையில் திணித்தார்.

"வலிப்பெல்லாம் இல்லீங்க, காலைல இருந்து ஒண்ணும் சாப்புடல," என்றார் அப்பா.

"நாங்களுந்தான் சாப்புடல."

படுத்ததும் அத்தைக்குச் சரியாகிவிட்டது. ரத்தத்துக்குப் பழகிய நிலை அதுதானே. கண்ணைத் திறந்து, கையிலிருந்த சாவிக்கொத்தைப் பார்த்தாள். எழுப்பப் போன அம்மாவிடம், "கொஞ்ச நேரம் படுத்துக்கறேன் அண்ணி," என்றாள். மாப்பிள்ளையின் அப்பா வீட்டில் கலந்து பேசிச் சொல்வதாகச் சொன்னார். அவர் மனைவி சாவிக்கொத்தை மறக்காமல் வாங்கிக்கொண்டார்.

காரில் திரும்பிக்கொண்டிருந்தோம். பள்ளிகொண்டா தாண்டியதும் முன்சீட்டிலிருந்து அப்பா திரும்பினார்.

"நீ கால் கால்னு கத்தினியே, இன்னாத்துக்கு?"

சொன்னால் எல்லாம் வெளியே வந்துவிடும்: கட்டில், காலுறை, உப்பு மோர், நின்றுபோன விரல்கள். அத்தை ஜன்னலுக்கு வெளியே பாலாற்று மணலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை. என் தோளைச் சுற்றியிருந்த அவள் கை மட்டும் மூச்சைப் பிடித்ததுபோல இறுகி இருந்தது.

"எறும்புப்பா," என்றேன். "அத்தை கால்ல எறும்பு ஏறுச்சு."

அப்பா திரும்பிக்கொண்டார். அத்தையின் கை மெல்லத் தளர்ந்தது.

அந்த இடம் தட்டிப்போனது. வலிப்பு என்ற பேச்சு எப்படியோ பரவி, அதற்குப் பிறகு வேறு யாரும் வரவில்லை. வேலையை விடச் சொல்வார் என்று பயந்தோமே, அப்பா அதற்கு நேர்மாறாக ஒன்று செய்தார். "இந்த மாதிரி உடம்ப வெச்சுக்கினு ஆஸ்பத்திரி பக்கத்துலயே இருக்கறதுதான் நல்லது," என்று தானே கொண்டுபோய் அவளைப் பெங்களூரில் விட்டுவிட்டு வந்தார். அவள் இன்றும் அங்கேதான் இருக்கிறாள். திரும்பி வருகிறவர்கள் விழாமல் நிற்பது எப்படி என்பதுதான் இப்போதும் அவள் ஆராய்ச்சி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வேண்டாம் என்று இருந்தாளா, அமையாமல் போனதா, அதுவும் எனக்குத் தெரியாது.

அப்பாவுக்கு வயதாகிவிட்டது. தங்கைக்கு உடம்பு குணமாக வேண்டும் என்று வருடா வருடம் விரிஞ்சிபுரம் போய் விளக்கு ஏற்றுகிறார். அத்தை ஊருக்கு வந்தால், "உக்காரு பாப்பா, நிக்காத," என்று ஓடிப்போய் நாற்காலி எடுத்துப் போடுகிறார். அத்தையும் உட்கார்ந்துகொள்கிறாள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை விளக்கு ஏற்ற அப்பா எங்களையும் அழைத்திருக்கிறார். அத்தையை ஆயா என்று கூப்பிடுகிற என் மகள் நேற்று கேட்டாள், "பெங்களூர் ஆயாவுக்கு இன்னா உடம்புமா? தாத்தா எதுக்கு வேண்டிக்கிறாரு?" அவளுக்குப் பெரியவளானதும் ஆயாவைப் போல அந்த வேலைக்குத்தான் போக வேண்டுமாம். உடம்பு ஒன்றுமில்லை என்று சொல்லலாமா? சொன்னால் நேராகத் தாத்தாவிடம் போய் நிற்பாள்.

அத்தையிடமே கேட்டுவிடலாம் என்று போனை எடுக்கிறேன், வைத்துவிடுகிறேன். தெரிந்துதான் விட்டேன் என்று அவள் சொல்லிவிட்டால், அப்பா ஏற்றிய விளக்குகளுக்கு நான் என்ன பதில் சொல்வேன்? இல்லை, காது அடைத்துவிட்டது, நீ சொன்னது கேட்கவே இல்லை என்று சொன்னால், அவளைப் பற்றி இத்தனை நாள் நான் மனதுக்குள் வைத்திருக்கும் ஒன்று இல்லாமல் போய்விடும். அன்று காரில் எறும்பு என்று சொன்னபோது யாரை யாரிடமிருந்து மறைத்தேன் என்று எனக்குத் தெரியாது. அவள் கை ஏன் தளர்ந்தது என்றும் தெரியாது. நான் நன்றாகப் பொய் சொன்னேன் என்பது மட்டும்தான் தெரிந்தது.

உங்கள் வீட்டிலும் இப்படி யாரும் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று இருந்திருக்கலாம். அதைக் கேட்டவர்கள் இருந்தால், கேட்டது நல்லதாகப் போயிற்றா, கேட்காமலே இருந்திருக்கலாமா என்று தயவுசெய்து எனக்கு எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் தெரிந்தால் நல்லது.