சுந்தரபாண்டி பெயரில் ஒரு ஜெபம்

விறகைச் சுட்டுக் கரியாக்கும் திருச்சுழிப் பக்கத்துக் கரிமூட்டங்களில் சாம்ராஜைத் தெரியாதவர்கள் கிடையாது. வாய்க்கு முந்தி அவன் கை பேசும். குழந்தையிலேயே ஞானஸ்நானம் பெற்றவன்தான். ஆனாலும் கிறிஸ்துமஸுக்குப் புதுச் சட்டை போடுவதோடு அவனுக்கும் ஆண்டவருக்குமான உறவு முடிந்துவிடும்.

கண்மாய்க்குள் மண்டிக்கிடந்த சீமைக்கருவேலத்தை வெட்டும் ஏலத்தில் அவனுக்கும் எம்.ரெட்டியபட்டி சுந்தரபாண்டிக்கும் முட்டிக்கொண்டது.

"ஏலே, வேதக்காரப் பயலுக்கு எங்கூருக் கண்மாய்ல என்னலே சோலி?" என்று சுந்தரபாண்டி நெஞ்சில் கைவைத்துத் தள்ளினான். சாம்ராஜ் அரிவாளை ஓங்கினான். தலைக்குக் குறிவைத்த வெட்டு, தடுத்த கையில் விழுந்தது. வலது கை மணிக்கட்டோடு துண்டாகிக் கரம்பை மண்ணில் கிடந்தது.

மதுரை ஜெயிலுக்குப் போன பிறகும் அவன் வெறி அடங்கவில்லை. சோற்றுத் தட்டால் ஒருவன் பல்லை உடைத்தான். கைதிகளுக்கு ஜெபம் பண்ண ஜெயிலுக்கு வந்துபோகும் சபை ஊழியர் சுவாமிதாஸ், "ஒனக்கு யாரு மேல ஆத்திரமோ, அவம் பேரச் சொல்லித் தெனமும் காலையில ஜெபம் பண்ணு. வேற ஒண்ணும் வேண்டாம்" என்றார்.

சாம்ராஜ் பண்ணினான். "ஆண்டவரே, சுந்தரபாண்டி புழுத்துச் சாகணும்."

மழைக்காலம் முழுக்க முழங்காலில் நின்று இதையே கேட்டான். ஒரு விடியலில் அந்தப் பெயரைச் சொன்னபோது, மறந்துபோன ஒன்று கண்ணுக்குள் வந்தது. வெட்டுப்பட்ட சுந்தரபாண்டி ஓடவில்லை, அலறவில்லை. இடது கையால் புழுதியைத் துழாவி, விழுந்த கையை எடுத்து, இருந்த இடத்திலேயே ஒட்டவைக்கப் பார்த்தான். சாம்ராஜ் தரையில் தலையை மோதினான். நெற்றி பிளந்து ரத்தம் மூக்கில் இறங்கியது. வார்டர்கள் பிடித்து இழுத்தும் நிறுத்தவில்லை. அன்றுதான், "அவருக்கு நல்லது செய்யும்" என்று முதன்முதலாகக் கேட்டான்.

விடுதலையாகி வந்து, பழையபடி கரிமூட்டத்தில் வேலைக்கு நின்றான். விடிந்ததும் புகைக்கு நடுவே முழங்கால் போட்டு, சுந்தரபாண்டி பெயரைச் சொல்லிச் சத்தமாக ஜெபிப்பான். சேதி ரெட்டியபட்டிக்குப் போயிற்று.

சுந்தரபாண்டியின் தம்பி வீரபாண்டி அரிவாளோடு வந்தான். "எங்கண்ணம் பேரு ஒன் வாயில வரக்கூடாதுலே!"

முதல் வெட்டு தோள்பட்டையைக் கிழித்தது. சாம்ராஜின் கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. அரிவாளைப் பறித்து, வீரபாண்டியைக் குப்புறத் தள்ளி, பிடரியில் வைத்தான். ஒரே இழுப்புதான் பாக்கி. பழைய ருசி உடம்பெல்லாம் ஊறியது; பிற்பாடு அதை அவன் யாரிடமும் மறைத்ததில்லை. "ஆண்டவரே, என்னால முடியல, என் கையப் பிடியும்" என்று கத்திக்கொண்டே அரிவாளை முள்ளுக்காட்டுக்குள் வீசினான். எழுந்த வீரபாண்டி கருவேலங்கட்டையை எடுத்து, முழங்கால் சில்லு நொறுங்கும்வரை அடித்தான்.

அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரியில் போலீஸ் கேட்டபோது, "கேசு வேண்டாம் சார்" என்பதற்கு மேல் சாம்ராஜ் வாய் திறக்கவில்லை. மறுநாள் சுந்தரபாண்டியே வந்து கட்டில் பக்கம் நின்றார்.

"எந்தம்பிய ஏம்லே காட்டிக்குடுக்கல?"

"ஒங்க வீட்டுக்கு நான் செஞ்சது போதும்ணே."

"நீ ஜெபம் பண்ணா எங்கை மொளைக்குமா?"

"மொளைக்காதுண்ணே."

"அப்ப நிறுத்து."

"அது மட்டும் என்னால ஏலாதுண்ணே."

சுந்தரபாண்டி இடது கையால் அவன் கன்னத்தில் ஓங்கி அறைந்தார். மறுபடியும் அறைந்தார். நர்ஸ் ஓடிவந்து விலக்கினாள். அவர் அழுதுகொண்டே படியிறங்கிப் போனதை, வாசலில் நின்ற சாம்ராஜின் மனைவி ரெஜினா பார்த்தாள்.

அடுத்த விடியலில் அவனால் மண்டியிட முடியவில்லை. படுத்தபடியே ஜெபித்தான். சுந்தரபாண்டி பெயர் சுலபமாக வந்தது. வீரபாண்டி பெயர் தொண்டையில் சிக்கிக்கொண்டது. பல்லைக் கடித்தான், கட்டில் கம்பியை நெரித்தான்.

"கஞ்சி ஆறுது, குடிங்க" என்றாள் ரெஜினா.

"இரு, இன்னும் முடிக்கல."

உச்சிவெயில் ஜன்னலுக்கு வந்தபோதுதான் அந்தப் பெயர் அவன் வாயிலிருந்து வந்தது.